ஆணவத்தின் வடிவம் காட்டிய அருட்குழந்தை: மெய்கண்ட தேவர் திருச்சரிதம்

தைப்பூசத்துக்கு முந்திய நாள் வைகறையில் பினாங்கு மாநகரின் வீதிகளெங்கும் தேங்காய்கள் மலைபோற் குவிந்திருக்கும். பினாங்கு வீதியிலுள்ள கோவில் வீட்டிலிருந்து முருகப் பெருமான் வெள்ளி ரதத்தில் எழுந்தருளித் தண்ணீர்மலை நோக்கிப் புறப்படுவார். 2017-ஆம் ஆண்டு முதல் குயின் வீதி மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து வேலினைத் தாங்கிய தங்க ரதமும் பவனி வருகின்றது. வழிநெடுகத் தமிழரும் சீனரும் வேற்றுமை பாராது ரதத்தின் முன் தேங்காய்களை உடைத்து நேர்த்திக்கடன் செலுத்துவர். அவ்வோசை நெடுநேரம் ஓய்வதில்லை.

தேங்காயின் ஓடு ஆணவம் என்றும், அது உடைந்தால் உள்ளிருக்கும் வெண்மையாகிய தூய ஆன்மா வெளிப்படும் என்றும் பெரியோர் கூறுவர். ஆண்டுதோறும் உடைக்கின்றோம். ஆயினும் ஆணவம் என்பது யாது? அதனைப் படைத்தவர் யார்? இறைவன் அருளே வடிவானவன் எனில் உலகில் துன்பமும் தீமையும் ஏன் உள்ளன? அத்தகைய இறைவன் ஒருவன் உளன் என்பதற்குத்தான் சான்று யாது? இவை இக்கால இளைஞர்கள் மட்டும் எழுப்பும் வினாக்கள் அல்ல. ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன்னரே தமிழகத்தில் இவ்வினாக்கள் எழுந்தன. அவற்றுக்கு விடை பகர்ந்தவர் ஒரு சிறு குழந்தை என்பதே வியப்புக்குரியது. சைவ சமய சந்தான குரவர் நால்வருள் முதல்வராகப் போற்றப்பெறும் மெய்கண்ட தேவரே அவ்வருட்குழந்தை.

பெண்ணாகடத்துப் பெருந்தவம்

மெய்கண்டார் வாழ்ந்த காலம் கி.பி. 13-ஆம் நூற்றாண்டு. சோழப் பேரரசு தளர்ந்துகொண்டிருந்த காலம் அது. நால்வர் பெருமக்களின் பாடல்கள் திருமுறைகளாக வகுக்கப்பெற்றிருந்தன. சேக்கிழார் பெருமான் பெரிய புராணம் பாடி அதற்கு ஒரு நூற்றாண்டு கடந்திருந்தது. பக்தி தழைத்திருந்தது, ஆலயங்கள் ஓங்கி நின்றன. ஆயினும், காட்சிக்குப் புலப்படாத எதுவும் இல்லை என்ற உலகாயதரும், வினை ஒன்றே போதும், இறைவன் வேண்டுவதில்லை என்ற மீமாம்சகரும், உலகம் வெறும் தோற்றமே என்ற மாயாவாதிகளும், பௌத்தரும், சமணரும் தத்தம் கொள்கைகளை நிறுவும் பெரு நூல்களை வைத்திருந்தனர். திருவுந்தியார், திருக்களிற்றுப்படியார் என்னும் இரு நூல்கள் முன்னரே தோன்றியிருந்தன எனினும், சைவத்தின் உண்மைகளை அளவை முறையில் தொகுத்துக் கூறும் தமிழ் நூல் இன்னும் எழவில்லை.

அக்காலத்தில் நடுநாட்டிலுள்ள திருப்பெண்ணாகடத்தில் அச்சுத களப்பாளர் என்னும் வேளாளப் பெருமகனார் வாழ்ந்து வந்தார். தூங்கானைமாடம் என்னும் திருக்கோயிலை உடைய அப்பதி, திருநாவுக்கரசர் தம் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்கப்பெற்ற தலமாகும். செல்வமும் நற்குணமும் நிறைந்த அவருக்கு மகப்பேறு மட்டும் வாய்க்கவில்லை. மனம் வாடிய அவர், தம் குலகுருவாகிய திருத்துறையூர்ச் சகலாகம பண்டிதரிடம் சென்று முறையிட்டார். ஆகமங்கள் அனைத்தையும் கற்றுத் துறைபோகியமையால் பண்டிதருக்கு அப்பெயர் வழங்கியது.

பண்டிதர் தேவாரத் திருமுறை ஏட்டினை வழிபட்டு, அதனிடையே கயிறு சாத்திப் பிரித்துப் பார்த்தார். திருஞானசம்பந்தப் பெருமான் திருவெண்காட்டுத் தலத்தின்மீது அருளிய பதிகத்தில் ஒரு பாடல் கிடைத்தது. அத்தலத்து முக்குளத்தில் நீராடி வழிபடுவோர் பிள்ளைப்பேறும் உள்ளம் நினைந்த வரங்களும் எய்துவர் என்பது அப்பாடலின் கருத்து. அதனையே இறைவனின் விடையாகக் கொண்டு களப்பாளரும் அவர்தம் மனைவியாரும் திருவெண்காடு சென்றனர். சூரியன், சந்திரன், அக்கினி என வழங்கும் மூன்று குளங்களிலும் நாள்தோறும் நீராடி வெண்காட்டு ஈசனை வழிபட்டு நோன்பிருந்தனர்.

ஒருநாள் இரவு இறைவன் களப்பாளரின் கனவில் தோன்றினார். இப்பிறவியில் மகப்பேறு எய்துதற்குரிய வினைப்பயன் அவருக்கு இல்லை என்று அறிவித்தார். எத்தகைய மனிதரும் இடிந்துபோகும் செய்தி அது. களப்பாளரோ கலங்கவில்லை, இறைவனைக் குறைகூறவும் இல்லை. சம்பந்தப் பெருமானின் திருவாக்கை நம்பியே தாம் வந்ததாகவும், அவ்வாக்குப் பொய்க்காது என்றும், இப்பிறவியில் இல்லையேல் மறுபிறவியிலேனும் அது பலிக்கட்டும் என்றும், அதுவரை இவ்வழிபாட்டைத் தொடர்வதே தம் கடன் என்றும் விண்ணப்பித்தார். அன்பு மாறாத அந்த உறுதியைக் கண்டு உளம் மகிழ்ந்த பெருமான், சம்பந்தரைப் போலவே சைவம் தழைக்கச் செய்யும் ஒரு மகனை அருளினார் என்பது சரித மரபு.

இந்நிகழ்ச்சியில் ஒரு பெரும் தத்துவம் அடங்கியுள்ளது. வினை என்பது உண்மை. அதனை இறைவனே மறைக்காமல் எடுத்துரைத்தார். ஆயினும் வினையே முடிந்த முடிபு அன்று. அதற்கு மேல் அருள் உண்டு. பின்னாளில் அம்மகன் நூலாக எழுதவிருந்த உண்மை, அவர் பிறப்பதற்கு முன்பே பெற்றோரின் வாழ்வில் நிகழ்ந்துவிட்டது.

வழக்கிட்ட ஊரில் வளர்ந்த செல்வம்

வெண்காட்டு இறைவனின் திருவருளால் தோன்றிய மகவுக்குச் சுவேதவனப் பெருமாள் என்று பெயரிட்டனர். குழந்தையைத் தாய்மாமன் திருவெண்ணெய்நல்லூருக்கு அழைத்துச் சென்று வளர்த்து வந்தார். அவ்வூரின் சிறப்பைச் சைவ அன்பர் அறிவர். சுந்தரமூர்த்தி சுவாமிகளின் திருமணத்தைத் தடுத்த இறைவன், முதிய அந்தணராக வந்து, ஓலை காட்டி, அவையோர் முன் வழக்கிட்டு அவரை ஆட்கொண்ட தலம் அது. இறைவனே வாதியாக நின்று சான்று காட்டிய ஊரில், இறைவன் உளன் என்பதற்குச் சான்று காட்டும் நூல் பிறந்தது பொருத்தமே.

அந்நாளில் பரஞ்சோதி முனிவர் என்பார் திருக்கயிலையிலிருந்து பொதிகைமலையில் உள்ள அகத்திய முனிவரைக் காண வான்வழியே சென்றுகொண்டிருந்தார். திருவெண்ணெய்நல்லூருக்கு நேரே வந்தபோது அவருடைய செலவு தடைப்பட்டது. கீழே நோக்கினார், தெய்வ ஒளியோடு விளங்கும் ஒரு குழந்தையைக் கண்டார். இறங்கி வந்து, பால்மணம் மாறாத அப்பருவத்திலேயே அதன் பக்குவத்தை உணர்ந்து, தீக்கை செய்து சிவஞானத்தை உபதேசித்தார். தம் குருவாகிய சத்தியஞான தரிசினிகளின் திருப்பெயரையே தமிழாக்கி மெய்கண்டார் என்று பெயர் சூட்டிச் சென்றார். மெய்ப்பொருளைக் கண்டவர் என்பது அதன் பொருள்.

உபதேசம் பெற்ற குழந்தை, அத்தலத்தில் எழுந்தருளியுள்ள பொல்லாப் பிள்ளையாரின் சந்நிதியில் அமர்ந்து, கேட்ட பொருளைச் சிந்தித்துத் தெளிந்தது. பொல்லாப் பிள்ளையார் என்பது தீய பிள்ளையார் என்னும் பொருளுடையது அன்று. உளியால் பொள்ளப்படாத, அஃதாவது செதுக்கப்படாத திருமேனி என்பதே பொருள். அச்சந்நிதியில் உருவானதே சிவஞானபோதம்.

பன்னிரண்டு சூத்திரங்களில் ஒரு பெருஞ்சமயம்

சிவஞானபோதத்தின் சூத்திரங்கள் பன்னிரண்டே. அடிகள் 40 மட்டுமே. இது வடமொழி இரௌரவ ஆகமத்தின் ஒரு பகுதியைத் தழுவியதா, தமிழில் எழுந்த முதல் நூலா என்பது குறித்து அறிஞரிடையே இருவேறு கருத்துகள் உள்ளன. எவ்வாறாயினும் தமிழ்ச் சைவத்தின் தத்துவ நூல்களுக்கெல்லாம் இதுவே தலைமணியாகும். முதல் மூன்று சூத்திரங்கள் இறைவன், உயிர், பாசம் என்னும் முப்பொருள்கள் உள்ளன என்று நிறுவும். அடுத்த மூன்று அவற்றின் இலக்கணம் கூறும். அடுத்த மூன்று வீடுபேற்றுக்குரிய சாதனம் கூறும். இறுதி மூன்று அதன் பயன் கூறும்.

இறைவனை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மெய்கண்டார் நூலைத் தொடங்கவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. கண்முன் உள்ள உலகத்திலிருந்தே அவர் தொடங்குகின்றார். அவன், அவள், அது என்று பகுத்துச் சுட்டப்படும் இவ்வுலகத்துப் பொருள்கள் தோன்றுகின்றன, நிற்கின்றன, அழிகின்றன. பகுதி பகுதியாகத் தோன்றி அழியும் பொருள், முழுமையாகவும் தோற்றமும் ஒடுக்கமும் உடையதாகவே இருத்தல் வேண்டும். உலகம் அறிவற்ற சடப்பொருள். ஆதலின் தானே தோன்றவும் ஒடுங்கவும் அதனால் இயலாது. உயிர்களோ உடம்பும் கருவியும் பெற்ற பின்னரே எதையும் அறிய வல்லன. ஆதலின் அவையும் உலகைத் தோற்றுவித்தல் இயலாது. எனவே எல்லாவற்றையும் ஒடுக்கி, மீளவும் தோற்றுவிக்கும் பேரறிவுடைய முதல்வன் ஒருவன் வேண்டும். அனைத்தும் ஒடுங்கிய காலத்தும் தான் ஒடுங்காது நிற்பவன் எவனோ, அவனே உலகுக்கு முதல்வன் என்பது அவர்தம் துணிபு.

குடம் உண்டாக மண் வேண்டும்; தண்டும் சக்கரமும் வேண்டும்; வனையும் குயவனும் வேண்டும். அதுபோல் உலகுக்கு மாயை மண்ணாகவும், இறைவனின் சத்தி கருவியாகவும், இறைவன் குயவனாகவும் அமைவர் என்று சைவ நூல்கள் விளக்கும். இத்தகைய சிந்தனை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. வடநாட்டு உதயணர் நியாய குசுமாஞ்சலியில் இறைவனுண்மையை அனுமானத்தால் நிறுவினார். மெய்கண்டார் வாழ்ந்த அதே 13-ஆம் நூற்றாண்டில், இத்தாலியில் தோன்றிய தாமஸ் அக்குவினாஸ் என்னும் கிறிஸ்தவ அறிஞரும் உலகின் இயக்கத்திலிருந்து அதன் முதல்வனை நோக்கிச் செல்லும் ஐந்து வழிகளை எழுதினார். கடலும் மொழியும் பிரித்த நாடுகளில் ஒரே வினா ஒரே காலத்தில் மனித உள்ளத்தை வருத்தியது.

வினை இருக்க இறைவன் எதற்கு என்னும் மீமாம்சகரின் தடைக்கும் மெய்கண்டார் விடை கூறினார். வினை சடம், தன்னைச் செய்தவன் யார் என்று அதற்குத் தெரியாது. பினாங்கில் அக்காலச் செட்டியார் கிட்டங்கிகளின் பேரேட்டில் எழுதிய பற்றும் வரவும் தாமே எழுந்து சென்று உரியவரைச் சேர்ந்ததில்லை. ஏட்டைப் பார்த்துக் கணக்குத் தீர்க்கும் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். அவ்வாறே அவரவர் செய்த இருவினையின் பயனை அறிந்து, அவரவரிடம் சேர்ப்பிக்கும் இறைவனின் ஆணை வேண்டும் என்பது இரண்டாம் சூத்திரத்தின் கருத்து.

உயிர் என்பதே இல்லை என்பாருக்கு அவர் கூறிய விடை எளிமையும் கூர்மையும் உடையது. உயிர் இல்லை என்று ஆராய்ந்து சொல்கின்ற அறிவு ஒன்று உள்ளதன்றோ, அதுவே உயிர் என்றார். என் கை, என் உடம்பு என்று உடைமையாகப் பேசுவது உடம்பினின்றும் வேறான ஒன்றே. உறங்கும்போது உடம்பு இருந்தும் உண்பதும் செயல் புரிவதும் இல்லாமையால், அறிவது உடம்பு அன்று என்பதும் தெளிவாகும்.

பண்டிதரின் சினமும் குழந்தையின் விரலும்

மெய்கண்டாரின் புகழ் நாடெங்கும் பரவியது. மாணவர் பலர் வந்து அடைந்தனர். அவர்கள் 49 பேர் என்பது மரபு. சகலாகம பண்டிதரிடம் பயின்று வந்தவர்களும் ஒருவர்பின் ஒருவராகத் திருவெண்ணெய்நல்லூருக்குச் சென்றுவிட்டனர். பண்டிதர் வருந்தினார், பின்னர் வெகுண்டார். தாம் திருமுறையில் கயிறு சாத்திப் பார்த்த பின்னரே பிறந்த குழந்தை அது. அக்குழந்தைக்குத் தாம் குலகுரு. தம்மை வந்து வணங்க வேண்டிய பிள்ளை தம் மாணவரைக் கவர்ந்துகொண்டதே என்ற எண்ணம் அவரை வாட்டியது. குழந்தையின் அறிவை ஆராய்ந்து அறியத் தாமே புறப்பட்டு வந்தார்.

அவர் வந்த வேளையில் மெய்கண்டார் மாணவர்களுக்கு ஆணவ மலத்தின் இயல்பை விளக்கிக்கொண்டிருந்தார். பண்டிதரைக் கண்டும் பாடத்தை நிறுத்தவில்லை. பண்டிதர் பொறுக்கமாட்டாதவராய், நின்றபடியே, ஆணவத்தின் வடிவம் யாது என்று வினவினார். ஆகமங்களிலிருந்து நீண்டதொரு விளக்கம் வரும், அதனை மறுத்து வெல்லலாம் என்று அவர் எதிர்பார்த்திருத்தல் கூடும்.

மெய்கண்டார் ஒரு சொல்லும் கூறவில்லை. நின்றிருந்த பண்டிதரை அடிமுதல் முடிவரை நோக்கி, அவரையே தம் சுட்டுவிரலால் காட்டினார்.

பண்டிதர் அக்கணமே உண்மையை உணர்ந்தார். ஆணவத்தைக் குறித்து எத்தனையோ நூல்களைக் கற்றவர் அவர், கற்பித்தவரும் அவரே. ஆயினும் அது தம்மிடத்தே கால் ஊன்றி நிற்பதை அதுவரை கண்டாரில்லை. வயதும் புலமையும் குலகுரு என்னும் நிலையும் மறந்து, சிறு குழந்தையின் திருவடிகளில் வீழ்ந்து வணங்கினார். மெய்கண்டார் அவருக்கு உபதேசம் செய்து அருள்நந்தி என்னும் தீக்கைப் பெயரை வழங்கினார். பிற்காலத்தில் சிவஞான சித்தியார் என்னும் பெருநூலை இயற்றிய அருள்நந்தி சிவாசாரியார் இவரேயாவர். தம் குருவிடம் மலங்களின் இயல்பைக் கேட்கும் முறையில் இருபா இருபது என்னும் நூலையும் இவர் பாடினார்.

துன்பம் எங்கிருந்து வந்தது?

மெய்கண்டாரின் விரல் காட்டிய விடையை அருள்நந்தியார் விரித்துரைத்தார். இறைவன் நல்லவன் எனில் தீமையை ஏன் படைத்தான் என்பது உலகெங்கும் கேட்கப்படும் கேள்வி. சைவ சித்தாந்தம் இதற்குத் தனித்ததொரு விடை கூறும். இறைவன், உயிர், பாசம் ஆகிய மூன்றும் தொடக்கமில்லாதவை. உயிரை இறைவன் படைக்கவில்லை. உயிரின் அறிவை மறைக்கும் ஆணவத்தையும் அவன் படைக்கவில்லை. நெல்லோடு உமியும், செம்போடு களிம்பும் போல, உயிரோடு ஆணவம் அநாதியாக உள்ளது. இருளில் கிடக்கும் உயிர்கள்மீது இரங்கியே இறைவன் மாயையிலிருந்து உடம்பையும் உலகத்தையும் தோற்றுவித்து அவற்றுக்குக் கொடுக்கின்றான். ஆகவே படைப்பு என்பது இறைவனின் விளையாட்டும் அன்று, தண்டனையும் அன்று. அது நோயாளிக்குச் செய்யும் மருத்துவம்.

உடம்பும் ஒரு மலம்தானே, மலத்தைக் கொண்டு மலத்தைப் போக்குவது எங்ஙனம் என்று கேட்பாருக்கு, சலவைத் தொழிலாளியின் செயலை உவமையாகக் காட்டினார் அருள்நந்தியார். சாணமும் உவர்மண்ணும் அழுக்கே. ஆயினும் அவற்றைத் துணியில் ஏற்றித் துவைக்கும்போது பழைய அழுக்கும் சேர்ந்து நீங்குகின்றது. பெற்றோர் சொல்வழி நில்லாத பிள்ளையைத் தண்டிப்பது வெறுப்பினால் அன்று, பரிவினாலேயே என்னும் உவமையையும் அவர் கூறினார். கதிரவன் முன்னிலையில் ஒரு தாமரை மலர்கின்றது, ஒன்று அரும்பாக நிற்கின்றது, ஒன்று உலர்கின்றது. ஆயினும் கதிரவனுக்கு ஓரவஞ்சனை இல்லை.

இவ்விடைகளை நூலில் கற்பது எளிது. துன்பம் நேரும்போது ஏற்பது எளிதன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, திருவெண்காட்டை அடுத்த சோழநாட்டுக் கடற்கரையையும் பினாங்குத் தீவின் கடற்கரையையும் ஒரே நாளில் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பினாங்கில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையைக் கடற்கரையில் கழிக்கச் சென்றவர்களும் சிறுவர்களுமாக 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கியவர்களின் வழித்தோன்றல்களுக்கு அன்று இரு கரைகளிலும் துக்கம். குழந்தைகள் என்ன பாவம் செய்தன என்று அன்று கேட்காத உள்ளம் இல்லை.

அவ்வேளையில், அவரவர் வினை அவரவருக்கு என்று மாண்டவர்மீது தீர்ப்புக் கூறியவர்களும் உண்டு. வினைக்கொள்கையைச் சைவம் மறுப்பதில்லை. ஆயினும் அதனைப் பிறர் துன்பத்தை அளக்கும் கோலாகக் கொள்வது மெய்கண்டார் காட்டிய நெறியாகாது. அவருடைய விரல் கேட்டவரையே சுட்டியது. பிறருடைய குறையை அது சுட்டவில்லை. என் துன்பத்தை நான் பொறுத்துக்கொள்ளவும், என் குறையை நான் காணவும் உதவும் கொள்கையே வினைக்கொள்கை. பிறர் துன்புறும்போது வேண்டுவது இரக்கமும் உதவியுமே. அவர் செய்த பாவத்தைக் கணக்கிடத் துணிவது, இறைவன் ஒருவனுக்கே உரிய இடத்தில் நாம் சென்று அமர்வதாகும். ஆணவத்தில் அதனினும் பெரிய ஆணவம் இல்லை. களப்பாளரின் வினையை உள்ளவாறு அறிந்த இறைவனும் அதனைக் காரணம் காட்டி அவரைக் கைவிடவில்லை என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

அறத்துக்கு வேர் எது?

நல்லது எது, தீயது எது, அதனை ஏன் பின்பற்ற வேண்டும் என்னும் வினாவுக்கும் இச்சந்தானத்தில் தெளிவான விடை உண்டு. மனத்தாலும் வாக்காலும் உடலாலும் உயிர்களுக்கு உறுதி பயப்பனவற்றைச் செய்தலே நல்வினை. அவற்றுக்குத் தீங்கு செய்தலே தீவினை என்று சித்தியார் வரையறுக்கின்றது. உயிர்களுக்குச் செய்யும் அவ்விரண்டையும் இறைவனே ஏற்றுக்கொண்டு, அவற்றின் பயனாகிய இன்ப துன்பங்களை அளிக்கின்றான். அவன் ஏன் ஏற்க வேண்டும் என்றால், உயிர்கள்மீது அவன் வைத்துள்ள நேசமே காரணம் என்பது அந்நூல் தரும் விடை.

எனவே அறத்தின் வேர் வெறும் அச்சமும் அன்று; புண்ணியத்தைச் சேர்த்து வைக்கும் ஆசையும் அன்று. பழத்தில் சுவைபோல எல்லா உயிரிலும் கலந்து நிற்கும் இறைவனின் அன்பே அதன் வேர். வேலைக்காரப் பெண்ணைக் கடிந்து பேசும் சொல்லும், பசித்தவருக்கு இடும் ஒரு பிடி சோறும் அவனிடமே சென்று சேர்கின்றன.

வாதத்தின் முடிவு வழிபாடு

உலகத்தை ஆராய்வதில் தொடங்கிய சிவஞானபோதம் எங்கே சென்று முடிகின்றது என்பது ஆலயத் தொண்டர் அனைவரும் அறிய வேண்டிய செய்தியாகும். எட்டாம் சூத்திரத்தில் ஓர் அரிய உவமை வருகின்றது. வேடர்களிடையே சிக்கித் தன்னை மறந்து வளர்ந்தவன் ஓர் அரசகுமாரன். உயிரும் அவ்வாறே ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்துள்ளது. அதன் தலைவனாகிய இறைவனே குருவாக வந்து, நீ இவர்களைச் சேர்ந்தவன் அல்லை என்று உணர்த்த, அது மீண்டு அவனை அடைகின்றது. வாதம் வழியைக் காட்டலாம். கைப்பிடித்து அழைத்துச் செல்வது குருவருளே.

இறுதியாகிய பன்னிரண்டாம் சூத்திரம், ஞானம் பெற்ற பின்னரும் செய்யவேண்டியது யாது என்று கூறுகின்றது. இறைவன்பால் அன்புடைய அடியாரோடு கூடியிருத்தல் வேண்டும். அவ்வடியாரின் திருவேடத்தையும் ஆலயத்தையும் இறைவனாகவே கண்டு தொழுதல் வேண்டும். காரணகாரியத்தை ஆராய்ந்து இறைவனை நிறுவிய பேரறிவாளர், தம் நூலை ஆலய வாயிலில், அடியார் கூட்டத்தின் நடுவே கொண்டுவந்து முடித்துள்ளார். துன்பத்தைத் தனியே சுமக்க மனிதனால் இயலாது. அதற்கு அடியார் துணை வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

தொடரும் ஞானப் பரம்பரை

மெய்கண்டாருக்குப் பின் அருள்நந்தி சிவாசாரியாரும், அவர்பின் மறைஞான சம்பந்தரும், அவர்பின் தில்லை வாழந்தணராகிய உமாபதி சிவாசாரியாரும் அப்பரம்பரையை வளர்த்தனர். உமாபதியார் தம் சங்கற்ப நிராகரணத்தில் சக ஆண்டு 1235, அஃதாவது கி.பி. 1313, எனக் காலத்தைக் குறித்துள்ளமை வரலாற்று ஆய்வுக்குப் பெருந்துணையாக உள்ளது. சாத்திர நூல்கள் 14 ஆயின. திருவாவடுதுறை, தருமபுரம் முதலிய ஆதீனங்கள் இச்சந்தானத்தின் வழிவந்தவையே. 18-ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர், சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்னும் பேருரை கண்டார். 1895-இல் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை இந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். நாற்பது அடிகள் உலகைச் சுற்றி வந்தன.

திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்ட தேவருக்குத் திருக்கோயில் உள்ளது. ஐப்பசித் திங்கள் சுவாதி நாளில் சைவ உலகம் அவருக்குக் குருபூசை செய்து வருகின்றது.

தைப்பூச நன்னாளில் நாம் ஏந்தும் வேல் ஞானத்தின் வடிவம் என்பர். அவ்வேல் பிளந்த சூரபன்மன் ஆணவத்தின் வடிவம் என்பது சைவச் சான்றோர் விளக்கம். பிளந்தும் அவனை அழிக்காமல் மயிலாகவும் சேவலாகவும் ஏற்றுக்கொண்டது பெருமானின் கருணை. பண்டிதரின் ஆணவத்தைக் காட்டிய மெய்கண்டாரும் அவரை இகழவில்லை. தம் தலைமாணவராக ஏற்றுக்கொண்டார்.

இவ்வாண்டு ரதத்தின் முன் தேங்காயை ஓங்கி உடைக்கும் மெய்யன்பர் ஒவ்வொருவரும், அக்குழந்தையின் சுட்டுவிரலை ஒரு கணம் நினைவுகூர்வாராக. உடைய வேண்டிய ஓடு எங்கே உள்ளது என்பது அப்போது விளங்கும். அருகில் நிற்பவர் எந்த இனத்தவராயினும், எந்த நிலையினராயினும், அவரிடத்தும் இறைவன் கலந்து நிற்பதை உணர்ந்து, உதவி வேண்டுவோருக்குக் கைகொடுத்து, ஆலயத்தை அரன் என்று தொழுது, மெய்கண்ட தேவரின் திருவடிகளைச் சிந்தித்து வாழ்வோமாக.

மேன்மைகொள் நெறி நின்று எல்லோரும் இன்புற்றிருக்கத் தண்ணீர்மலை முருகன் திருவருள் துணை நிற்பதாக.